வெள்ளிப் பாசி

நகரங்களில் நடைபாதைக் கற்களின் இடுக்கிலும் சுவரடியிலும் சாம்பற் பச்சை நிறத்தில் மெத்தை போல் படரும் சிறு பாசியொன்று உண்டு. குளத்துப் பாசி வேறு. இது தண்டும் இலையும் உடைய செடி. 'பிரையம் ஆர்ஜென்டியம்' என்னும் இதன் சாஸ்திரப் பெயர் 1801-ம் வருஷத்தில் வெளியான ஹெட்விக் என்பவரின் நூலில் காணப்படுகிறது. புழுதிக்கும் புகைக்கும் இது அஞ்சுவதில்லை, அண்டார்டிகாவிலும் வளர்கிறது.

இதற்கு வேர் கிடையாது. மயிர் போன்ற இழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு, பெரும்பாலும் இலைகளின் வாயிலாகவே ஜலத்தை உறிஞ்சுகிறது. இலை நுனியில் பச்சையம் இல்லாமையால் வெள்ளி போல் மின்னுகிறது. கோடையில் சருகாய்க் காய்ந்தாலும் மடிவதில்லை. தூற்றல் விழுந்ததும் பச்சை பிடித்துவிடும். உடைந்த துணுக்கு பாதரட்சையில் ஒட்டிச் சென்றால், போன இடத்திலும் முளைக்கும். ஆகையால் வெறுமனே சுரண்டி உதறுவது விதைப்பதற்குச் சமானம்.

சங்கக் கிடங்கின் சுவரில் இத்தகைய பாசி தோன்றினால் சுவருக்கு உடனே கேடில்லை. ஆனால் அங்கே ஈரம் தங்குகிறது என்பதற்கு அது சாட்சி. கேடு விளைவது உள்ளேயிருக்கும் தானியத்திற்கே. கூரை ஜலம் சுவரில் வழிகிறதா, வடிகால் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துச் சீர்செய்த பின்னரே பாசியைச் சுரண்ட வேண்டும். அதுவரை மூட்டைகளை அச்சுவரினின்று விலக்கி, மரச் சட்டங்களின்மேல் அடுக்குதல் நலம்.