பாஸ் கடைசியில் பேசட்டும்

கூடிப் பேசுவோம் – 7

"வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

ஃபைலை மூடிக்கொண்டே கேட்கப்படும் கேள்வி இது. பதிலாக நாற்காலிகள் நகரும் சத்தம்தான் கேட்கும். சொல்ல வேண்டியவர் கீழே இறங்கிப் போய், டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் எல்லாவற்றையும் சொல்வார்.

சென்ற வாரம் பார்கின்சனின் சைக்கிள் ஷெட்டைப் பார்த்தோம். அவர் சொன்ன கற்பனைக் கூட்டத்தில் அணு உலையைப் பற்றிப் பேச இரண்டரை நிமிடம், சைக்கிள் ஷெட்டைப் பற்றிப் பேச முக்கால் மணி நேரம். அது அஜெண்டாவின் கோளாறு. அஜெண்டாவில் ஒரே ஒரு விஷயம் இருந்து, வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் விஷயம் தெரிந்தவர்களாக இருந்தும் கூட்டம் கவிழ்ந்துபோவது உண்டு. அப்படி ஒன்றை விரிவாகப் பார்ப்போம்.

1986 ஜனவரி 27, திங்கள் இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலத்தை ஏவலாமா, வேண்டாமா? பேச்சு இது ஒன்றுதான். மூன்று ஊர்களில் இருந்தவர்கள் தொலைபேசியில் இணைந்தார்கள். யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தயோகால் நிறுவனம்; விண்கலத்தின் இரு பக்கமும் நிற்கும் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்தவர்கள். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் நாசாவின் மார்ஷல் மையம். ஃபுளோரிடாவில் ஏவுதளமான கென்னடி மையம். எல்லோரையும் சேர்த்தால் முப்பது பேருக்கு மேல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. வரைபடங்கள் ஃபேக்ஸில் போயின.

பூஸ்டர் துண்டு துண்டாகச் செய்து பூட்டப்படுவது. பூட்டிய இடத்தில் சூடான வாயு கசியாமல் தடுப்பவை ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள். குளிர் கூடினால் ரப்பர் விறைக்கும். இடைவெளியை உடனே அடைக்காது. ஓராண்டுக்கு முன், இணைப்பின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டாக, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸாக இருந்த நாளில் ஒரு விண்கலம் ஏவப்பட்டது. அதன் பூஸ்டரைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்தபோது, முதல் வளையத்தைத் தாண்டிப் புகைக்கரி படிந்திருந்தது. இப்போதோ ஃபுளோரிடாவில் உறைபனி விழும் என்கிறது முன்னறிவிப்பு. 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தயோகால் பொறியாளர்கள் சொன்னார்கள். அதையே நிறுவனத்தின் பரிந்துரையாக முன்வைத்தவர் பொறியியல் துணைத்தலைவர் ராபர்ட் லண்ட்.

நாசா தரப்புக்கு இது பிடிக்கவில்லை. பூஸ்டர் திட்டத்தின் மேலாளர் லாரன்ஸ் முலாய், அப்படியானால் அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்ற தொனியில் கேட்டார். எங்களுக்குள் பேசிக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றது தயோகால். லைன் மியூட்டில் போனது.

ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது. யூட்டா அறைக்குள் ரோஜர் போஜோலேயும் ஆர்னி தாம்ப்சனும் இன்னொரு முறை முயன்றார்கள். ஒருவர் மேலாளர்கள் எதிரே போய்த் தாளில் இணைப்பை வரைந்து காட்டினார். மற்றவர் கரி படிந்த வளையத்தின் புகைப்படங்களை மேசையில் பரப்பினார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். அப்போது மூத்த துணைத்தலைவர் ஜெரால்ட் மேசன், இது நிர்வாக முடிவு என்றார். லண்ட் பக்கம் திரும்பி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மேலாளர்கள் நால்வர் முடிவெடுத்தார்கள். அதே அறையில் இருந்த பொறியாளர்களிடம் கருத்துக் கேட்கவே இல்லை.

லைன் திரும்ப வந்தது. ஏவலாம் என்ற புதிய பரிந்துரை வாசிக்கப்பட்டது. நாசாவின் ஸ்டான்லி ரைனார்ட்ஸ், இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கிறதா என்று கேட்டார். ஆம், கேட்டார். மூன்று ஊர்களிலிருந்தும் பதில் இல்லை.

மறுநாள் காலை 11.38-க்குச் சேலஞ்சர் கிளம்பியது. 73-ஆவது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இதைப் பெரும்பாலும் நல்ல பொறியாளர்கள், கெட்ட மேலாளர்கள் கதையாகவே சொல்வார்கள். சமூகவியலாளர் டயேன் வான் 1996-இல் வெளியிட்ட பெரிய புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. அன்று யாரும் வேண்டுமென்று விதியை மீறவில்லை. வழக்கமான முறைப்படி வேலை பார்த்தே அங்கு போய்ச் சேர்ந்தார்கள் என்பது அவர் முடிவு. விழுங்கக் கஷ்டமான முடிவு. நான் பார்ப்பது அதைவிடச் சின்ன விஷயம். அந்தக் கூட்டத்தை நடத்தியது யார்?

அதிகாரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஏதோ ஒரு கட்சியில் இருந்தார்கள். முலாய் வாதாடினார். மேசன் தன் வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவைப் பற்றிக் கவலைப்படாமல், தெரிந்தவர்கள் எல்லோரும் பேசிவிட்டார்களா என்று மட்டும் பார்க்கும் வேலை யாருக்கும் தரப்படவில்லை. பாஸாக இருப்பது ஒரு வேலை, கூட்டத்தை நடத்துவது வேறொரு வேலை. நம் அலுவலகங்களில் இரண்டையும் ஒருவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

நடத்துபவர் என்று ஒருவர் இருந்திருந்தால், லைன் திரும்ப வந்ததும் இப்படிக் கேட்டிருப்பார்: "அரை மணி நேரத்துக்கு முன் வேண்டாம் என்றீர்கள். இப்போது சரி என்கிறீர்கள். நடுவில் புதிதாக என்ன தெரியவந்தது? முன்பு வேண்டாம் என்று வாதாடியவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள்? போஜோலே, நீங்கள் சொல்லுங்கள்." பெயர் சொல்லிக் கேட்ட கேள்விக்கு மௌனம் பதிலாகாது. 'யாருக்காவது' என்று கேட்டால், அந்த யாரோ எப்போதும் பக்கத்து நாற்காலிக்காரர்தான். மார்ஷல் மையத்திலேயே குளிரை நினைத்துக் கவலைப்பட்ட பொறியாளர்கள் இருந்தார்கள். தங்கள் மேலதிகாரியின் காதில் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். அது பொது லைனுக்கு வந்து சேரவே இல்லை.

கடைசியில் கேட்பது போகட்டும், யாரிடம் முதலில் கேட்பது? நம் ராணுவத்தின் கோர்ட் மார்ஷலில் இதற்கு எழுதி வைத்த முறை உண்டு. தீர்மானிக்க வேண்டிய ஒவ்வொரு கேள்வியிலும் பதவியில் இளையவரிடம் தொடங்கி வரிசையாகக் கருத்துக் கேட்க வேண்டும் என்கின்றன 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகள். காரணம் எளிது. கர்னல் வாயைத் திறந்த பிறகு கேப்டனிடம் கேட்டால் கர்னலின் கருத்துதான் இன்னொரு குரலில் வரும். கீழ்ப்படிதலையே உயிராக வைத்திருக்கும் ஓர் அமைப்பு, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் மட்டும் வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது பாருங்கள். நம் ரிவ்யூ மீட்டிங்குகளில் எம்.டி. முதல் இருபது நிமிடம் பேசிவிட்டு, "ஓப்பனா பேசுங்கப்பா" என்பார். எதைப் பேச? "சார் சொன்னதையேதான் நானும் நினைச்சேன்" என்று சுற்று முடிந்துவிடும்.

இளையவரை முதலில் பேசச் சொன்னாலும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. மேலதிகாரியிடம் 'முடியாது' என்பது மரியாதைக் குறைவு. அதனால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். கோவைப் பக்கம் பம்ப் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையின் காலைக் கூட்டத்தில் பார்த்தது. புரொடக்‌ஷன் மேனேஜர், ஸ்டோர்ஸ்காரரிடம் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை லோடு போயிரும்ல?"

"போயிருங்க சார்."

மேனேஜர் அடுத்த ஆளிடம் நகரவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி, இப்படி வெச்சுக்குவோம். இன்னைக்கு சனிக்கிழமை. லோடு போகல. எதனால போகாம இருந்திருக்கும்?"

ஸ்டோர்ஸ்காரர் ஒரு கணம் யோசித்தார். "இம்பெல்லருங்க சார். ஃபவுண்ட்ரியில இருந்து பாதிதான் வந்திருக்குது. மீதி வியாழக்கிழமைங்கறாங்க. வந்தாலும் பேலன்ஸிங் பண்ண ஒரு நாள் வேணுமுங்க."

அதே ஆள், அதே நிமிடம். முதல் கேள்வி அவரிடம் வாக்குக் கேட்டது. இரண்டாவது அவருக்குத் தெரிந்ததைக் கேட்டது. இல்லை என்று சொல்லாமலேயே இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைத்தது. இதையே முறையாகச் செய்வதற்கு உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார். திட்டம் தொடங்கும் முன்பே, அது படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். பிரேதப் பரிசோதனையை உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுவது. குறை சொல்பவன் என்ற பெயர் யாருக்கும் வராது. இங்கே குறை சொல்வதுதான் கொடுத்த வேலை.

'தனித்தனியே எழுத வேண்டும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கூடிப் பேசினால் எல்லோருக்கும் தெரிந்ததெல்லாம் ஒன்றாகச் சேரும் என்றுதான் நாம் நம்புகிறோம். கேரால்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985-இல் இதைச் சோதித்தார்கள். மாணவர் மன்றத் தேர்தல் வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் குழுவினருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சில தகவல் எல்லோர் கையிலும் இருந்தது. சில ஒருவர் கையில் மட்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சிறந்த வேட்பாளர் யார் என்பது தெரியும். ஆனால் பேசிய குழுக்கள் பெரும்பாலும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். தனக்கு மட்டும் தெரிந்ததை ஒருவர் சொல்லும்போது ஆமோதிக்க ஆளில்லை. அது அப்படியே உதிர்ந்துபோனது. ஸ்டோர்ஸ்காரரின் இம்பெல்லர் அப்படிப்பட்ட தகவல்.

ஆகவே பேச்சைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம், ஆளுக்கு ஒரு தாள். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் தன் மூத்த அதிகாரிகள் கூட்டத்தில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, எழுத்துக் குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அதை மௌனமாக வாசிப்பார்கள். நமக்கு ஆறு பக்கக் குறிப்பெல்லாம் வேண்டாம். தாளில் மூன்று வரி போதும். எழுதியதை வாசி என்றால் கூச்சப்படுபவரும் வாசித்துவிடுவார். தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். இங்கிலீஷில் எழுத வேண்டுமென்றால் ஃபோர்மேன் பேனாவைத் தேடுவதிலேயே அந்த ஐந்து நிமிடமும் போய்விடும்.

ஜூமில் இணைபவர்களுக்கு ஒரே ஒரு மாற்றம்: அவர்களிடம் முதலில் கேளுங்கள். அறையில் இருப்பவர்கள் பேசி முடித்துவிட்டு, "சேலம் பிராஞ்ச், ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் 'நோ சார்' என்று சொல்லிவிட்டு மியூட்டுக்குள் போய்விடுவார்கள்.

முதலாளியே கூட்டத்தையும் நடத்த வேண்டியிருக்கும் சிறு நிறுவனங்களில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். நடத்தாதீர்கள், அவ்வளவுதான். அக்கவுன்ட்ஸ் பெண்ணிடமோ குவாலிட்டி பையனிடமோ ஒப்படைத்துவிட்டு ஓர் ஓரமாக உட்காருங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முடிவை நீங்களே எடுங்கள். அதிகாரம் எங்கும் போய்விடாது. முதல் சில கூட்டங்களில் எல்லோரும் பேசிக்கொண்டே உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது தலையாட்டாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பயிற்சி. நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருங்கள்.

இன்னொரு பெயர் பாக்கி இருக்கிறது. அன்று இரவு ஏவுதளத்தில் தயோகால் சார்பில் இருந்தவர் ஆலன் மெக்டொனால்ட். ஏவலாம் என்ற பரிந்துரையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். யூட்டாவிலிருந்த மேலதிகாரி கையெழுத்திட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். லைன் துண்டிக்கப்பட்ட பிறகும் மெக்டொனால்ட் நாசா அதிகாரிகளிடம் நேரில் வாதாடினார். பின்னர் விசாரணைக் குழுவிடம் நடந்ததைச் சொன்னார். நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்து அழுத்தம் வந்த பிறகு, பூஸ்டர் இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்கு அவரையே தலைமை தாங்க வைத்தது.

அவர் ஏவுதளத்தில் நின்று வாதாடியதெல்லாம் கூட்டம் முடிந்த பிறகு நடந்தது. கூட்டத்தின் கணக்கில் அது வராது. 'தோற்றுப்போன' கருத்தை மினிட்ஸில் எப்படி எழுதுவது, யார் எழுதுவது, அதில் பெயரைப் போடலாமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)