கல் எங்கே ஓடிவிடப் போகிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் உலை முன்னால் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் ஆவடிப் பக்கம் வெல்டிங் பிடிப்பவர்களுக்கும் கல்லடைப்பு புதிதல்ல. வியர்வையில் போகிற தண்ணீரை அந்த அளவுக்கு யாரும் திரும்பக் குடிப்பதில்லை. சிறுநீர் கெட்டியாகி உப்பு படிகிறது. எழுபதுகளில் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டவருக்கு முதலில் வாழைத்தண்டுச் சாறு. அதற்கு மசியாவிட்டால் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரியாஸ்பத்திரியில் விலாவோரம் நீளமாக ஒரு கீறல், வாரக்கணக்கில் சம்பளமில்லா விடுப்பு.

இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்திலேயே, சிறுநீர் வரும் வழியாக யூரிட்டரோஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்கிக் கருவியை ஏற்றி, லேசரில் கல்லைப் பொடித்து, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தழும்பு இல்லை என்று மகிழ்கிறோம். மாறியது அது மட்டுமல்ல.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ.; உள்ளே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இடம். 1980 வாக்கில் மாட்ரிட் மருத்துவர் பெரஸ்-காஸ்ட்ரோ சிறுநீரகம்வரை எட்டும் நீண்ட ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக் கருவிகளின் தடிமனே ஏறக்குறைய 4 மி.மீ.; நுழைவதற்கே குழாயின் வாயை விரிக்க வேண்டும். கல்லைக் கம்பிக்கூடையில் சிக்கவைத்து முழுசாக இழுப்பார்கள். அதற்கும் முன்னால், உள்ளே பார்க்காமல் எக்ஸ்ரே நிழலை நம்பி இழுத்ததும் உண்டு. கல் பெரிது, பாதை சிறிது. கை சற்று அழுத்தினால் கல்லோடு குழாயே அறுந்து வரும். அரிதென்றாலும், யூராலஜிஸ்டுகள் இன்றுவரை நடுங்குகிற விபத்து அதுதான். அறுந்தால் வயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பையை மேலே இழுத்துத் தைத்தோ குடல் துண்டை வைத்தோ புதுப்பாதை போட வேண்டும். சிலருக்குச் சிறுநீரகமே போய்விடும்.

இப்போது ஸ்கோப்பின் நுனி இரண்டு, இரண்டரை மி.மீ. பொடித்த துண்டுகளுக்குத்தான் கூடை, அதுவும் கண்பார்வையில். ஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மெல்லிய கைடு வயர் சிறுநீரகம்வரை போய்க் கிடக்கும். சுவர் கிழிந்தால் அதன் மேலேயே ஸ்டென்ட்டை, அதாவது சிறுநீர் வடிய உள்ளே விட்டுவைக்கும் மெல்லிய குழலை, ஏற்றிவிடலாம். முன்கூட்டியே யூரின் கல்ச்சர் எடுத்துக் கிருமி இருந்தால் மருந்து கொடுக்கிறார்கள். காய்ச்சலும் அடைப்பும் சேர்ந்து வந்தால் கல்லைத் தொடுவதேயில்லை: உள்ளே பாய்ச்சும் நீரின் அழுத்தம் கிருமியை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். ஸ்டென்ட் வைத்துச் சிறுநீரை வடியவிட்டு, ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகே கல்.

இவற்றைவிடப் பெரிய மாற்றம், பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டது என்பேன். குழாய் இடம் கொடுக்கவில்லையா, ரத்தத்தில் எதுவும் தெரியவில்லையா, நேரம் ஒன்றரை மணியைத் தாண்டுகிறதா? ஸ்டென்ட் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவது. இரண்டு வாரத்தில் குழாய் தானே தளர்ந்து வழிவிடும். வெளியே காத்திருக்கும் வீட்டாருக்கு இது புரிவதில்லை. “கல்லே எடுக்கலையா? அப்புறம் எதுக்கு டாக்டர் மயக்க ஊசி?” கேட்பது நியாயமாகத்தான் படும்; செலவும் இன்னொரு தடவை. ஆனால் வற்புறுத்தி ஏற்றிய ஸ்கோப்பால் வரும் தழும்புச் சுருக்கம், கல் போன பிறகும் சத்தமில்லாமல் சிறுநீரகத்தை வீங்கவைக்கும்.

புதுக் காலத்தின் புதுத் தொல்லையும் ஒன்று உண்டு. வலி போனதும் ஸ்டென்ட்டை மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அதன் மேலேயே கல் கட்டி, எடுக்க வந்தாலும் வராது. அதனால் சில இடங்களில் ஸ்டென்ட்டுக்கென்றே தனி நோட்டுப் போட்டு, தேதி தாண்டியவர்களை நர்ஸ் போனில் கூப்பிடுகிறார். டிஸ்சார்ஜ் சீட்டிலும் தேதி இருக்கும். பல வீடுகளில் அந்தச் சீட்டு எக்ஸ்ரே கவரோடு பீரோ மேல் போய்விடுகிறது.