டிராக்டர் கிளம்பாவிடில் கவனிக்க வேண்டிய மின்சாரக் கோளாறுகள்

மழைக்குப் பின் நிலம் உழவுக்குப் பதமாயிருக்கும் நாட்கள் சொற்பமே. அந்நாட்களில் ஒரு காலை டிராக்டர் கிளம்பாமல் நின்றுவிட்டால், அன்றைய வேலை கெடுவதோடு பதமும் தப்பிவிடும். இத்தகைய சமயங்களில் விவசாயிகள் பெரும்பாலும் பாட்டரியையே குற்றஞ் சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். பழுது வேறிடத்திலிருப்பின், பணம் செலவாகியும் தொல்லை தீராது. ஒழுங்கான முறைப்படி சோதித்தால், விசேஷக் கருவிகளின்றியே கோளாறு எவ்விடத்தது என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

மின்சாரத்தின் வேலை

ஆதியில் மோட்டார் வண்டிகளைக் கைப்பிடியால் சுழற்றியே கிளப்பி வந்தனர். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்ட பின்னர், அவ்வழக்கம் நாளடைவில் மறைந்தது. டீஸல் யந்திரத்துக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்று அழுத்தப்படுவதால் உண்டாகும் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே, டிராக்டரைக் கிளப்புவதில் மின்சாரத்தின் முக்கிய வேலை, யந்திரத்தைப் போதிய வேகத்துடன் சுழற்றிவிடுவதேயாகும்.

இதற்கு ஸ்டார்ட்டர் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுக்கிறது. செல்லும் வழியில் களிம்பினாலோ தளர்ச்சியினாலோ 0.01 ஓம் தடை ஏற்பட்டாலும், 200 ஆம்பியர் பாயும்போது அவ்விடத்திலேயே 2 வோல்ட் இழக்கப்படும். 12 வோல்ட் பாட்டரியில் இது ஆறில் ஒரு பங்கு. விளக்குகளுக்கோ சில ஆம்பியர்களே போதும். அவை பழுதான இணைப்பின் வழியாகவும் எரியும். ஆதலால், விளக்கு எரிவதைக் கொண்டு மட்டும் இணைப்புகள் சரியாக உள்ளன என்று முடிவு செய்தலாகாது.

விளக்குச் சோதனை

கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கை இறுக்கி, டிரைவர் ஆசனத்தில் அமர்ந்து முன் விளக்கைப் போடவேண்டும். மற்றொருவர் பக்கவாட்டில் விலகி நின்று விளக்கைக் கவனிக்க, கிளச்சை முழுதும் மிதித்துச் சாவியைத் திருப்புக.

1. விளக்கு தொடக்கத்திலேயே எரியாவிடில் அல்லது மங்கலாக எரிந்தால், பாட்டரி இறங்கியிருக்கலாம். அல்லது டெர்மினல் கழன்றோ, பியூஸ் எரிந்தோ இருக்கலாம்.

2. நன்றாக எரிந்த விளக்கு, சாவியைத் திருப்பியவுடன் அணையும் தறுவாயில் மங்கினால், அல்லது 'டக் டக்' என்று விரைவாக ஓசை கேட்டால், பாட்டரி வலுவிழந்திருக்கும். அல்லது டெர்மினல்கள் களிம்பேறியோ தளர்ந்தோ இருக்கும்.

3. விளக்கின் ஒளி குறையாமலும் ஓசை எதுவுமின்றியும் இருந்தால், ஸ்டார்ட்டருக்குக் கட்டளை செல்லவில்லை என்பது பொருள். சாவி ஸ்விட்ச், பியூஸ், ஸொலினாயிடுக்குச் செல்லும் மெல்லிய ஒயர், கிளச் அடியிலுள்ள பாதுகாப்பு ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

4. ஒரே ஒரு 'டக்' ஓசை கேட்டு, ஒளி குறையாவிடில், ஸொலினாயிடின் உள்முனைகள் தேய்ந்திருக்கக்கூடும். இதை மெக்கானிக்கே சீர்செய்யவேண்டும்.

5. யந்திரம் வேகமாகச் சுழன்றும் பற்றவில்லையெனில், பெரும்பாலும் பழுது எண்ணெய் வழியில் உள்ளது. எண்ணெயை மின்சாரத்தால் அடைத்துத் திறக்கும் வால்வு உள்ள டிராக்டர்களில் மட்டும் அதன் ஒயரையும் பார்க்கவேண்டும்.

இணைப்புகளைச் சுத்தம் செய்தல்

டெர்மினல்களைக் கழற்றும்போது மைனஸை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளவேண்டும். இல்லாவிடில் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் களிம்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம். அந்நீர் பாட்டரிக்குள் புகலாகாது. பின்னர் நல்ல நீரால் கழுவித் துடைத்து, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுகப் பூட்டி, மேலே வாஸ்லைன் தடவுக.

எர்த் ஒயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது வண்டியின் உடலைத் தொடுமிடத்தில் சேறும் துருவும் படிந்திருந்தால் புதிய பாட்டரியும் பயன்படாது. அவ்விடத்தையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டவேண்டும்.

பாட்டரியின் நிலை

சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்துள்ளது, 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழாயின் உடனே சார்ஜ் செய்யவேண்டும். நிறைந்த பாட்டரி, ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் முடிவதாகக் கொள்ளலாம்; எனினும் ஸ்டார்ட்டரில் பழுதில்லையென்றும் உறுதி செய்துகொள்க. யந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காணவேண்டும். அவ்வாறு ஏறாவிடில் ஆல்டர்நேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்காமல் புதுப் பாட்டரி வாங்குவது வீண்.

நீர் ஊற்றும் வகைப் பாட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் தவிரக் கிணற்று நீரையோ அமிலத்தையோ ஊற்றலாகாது. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து வெடிக்கும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால், பீடியும் தீக்குச்சியும் அருகில் வரலாகாது. வண்டி பல வாரங்கள் நிற்குமாயின் மைனஸ் ஒயரைக் கழற்றி வைப்பது நலம்.

உயிருக்கு ஆபத்தான பழக்கம்

சாவியால் கிளம்பாதபோது தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைத்துக் கிளப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதனால் பாதுகாப்பு ஸ்விட்ச் பயனற்றுப்போகிறது. கியர் விழுந்திருந்தால் யந்திரம் பற்றிய மறுகணமே டிராக்டர் நகர்ந்து, பின் சக்கரம் எதிரில் நிற்பவர்மீது ஏறிவிடும், விலக நேரமிராது. பல நாடுகளில் இவ்விதம் உயிர்கள் பலியாகியுள்ளன. பாதுகாப்பு ஸ்விட்ச் பழுதானால் மாற்றவேண்டுமேயன்றி, ஒயரை நேராக இணைத்து அதனை ஒதுக்கிவிடலாகாது.

டிராக்டர் உடையவர்கள் உழவுப் பருவம் தொடங்குமுன் ஒரு நாளை ஒதுக்கி இச்சோதனைகளைச் செய்துவிடுவது உத்தமம். வாடகை டிராக்டர்கள் ஓடும் ஊர்களில் கிராம உத்தியோகஸ்தர்களும் திருப்புளியால் கிளப்புவதன் அபாயத்தை டிரைவர்களுக்கு எடுத்துரைக்கவேண்டும். தப்பிய பதம் அடுத்த மழைக்கு வரலாம். போன உயிர் திரும்பாது.