கதை உணர்ச்சிகளும் எண்வகை மெய்ப்பாடும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி, கண்ணீர், நடுக்கம், மயிர்க்கூச்சு போன்றவற்றால் உடலில் வெளிப்பட்டுப் பிறருக்குப் புலனாவது மெய்ப்பாடு எனப்படும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயலாகிய மெய்ப்பாட்டியல் இதனை எட்டு வகையாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு வகையும் தோன்றுவதற்கு நான்கு காரணங்களையும் கூறுகிறது. கதை படிப்போருக்கு மிகவும் பயன்படுவது இக்காரணப் பகுப்பே ஆகும்.

எட்டு வகைகளும் காரணங்களும்

- நகை (சிரிப்பு): எள்ளல், இளமை, பேதைமை, மடன் (அறியாமை)
- அழுகை: இளிவு (இகழப்படுதல்), இழவு, அசைவு (பழைய நிலை கெடுதல்), வறுமை
- இளிவரல் (இழிவுணர்வு): மூப்பு, பிணி, வருத்தம், மென்மை
- மருட்கை (வியப்பு): புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் (ஒன்று மற்றொன்றாதல்)
- அச்சம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை (தலைவர்)
- பெருமிதம்: கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை
- வெகுளி (சினம்): உறுப்பறை (உறுப்பைச் சிதைத்தல்), குடிகோள் (குடிக்குக் கேடு செய்தல்), அலை (வைதல், அடித்தல்), கொலை
- உவகை: செல்வம், புலன் (அறிவு), புணர்வு, விளையாட்டு

கதையில் பயன்படுத்தும் முறை

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொல்லப்பட்டதைக் கேட்ட கண்ணகி அழுகிறாள். அதற்குக் காரணம் இழவு. கள்வன் என்ற பொய்ப்பழியால் கொல்லப்பட்டான் என்பதால் அவளிடம் வெகுளியும் எழுகிறது. அதற்குக் காரணம் கொலை. "கண்ணகி சோகமடைந்தாள்" என்று மட்டும் குறித்துக்கொள்ளும் மாணவருக்கு, அவள் ஏன் சிலம்போடு அரசவைக்குச் சென்றாள் என்பது விளங்காது. அழுகை அவளை நிலத்தில் வீழ்த்தியது. வெகுளி எழுந்து நடக்க வைத்தது.

நிகழ்ச்சியும் உணர்ச்சியும்

நிகழ்ச்சியை மட்டும் வைத்து உணர்ச்சியை முடிவு செய்தல் கூடாது. புறநானூற்றின் 278ஆம் பாடல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் புறமுதுகிட்டு மாண்டான் என்ற பேச்சைக் கேட்ட முதிய தாய், வாளுடன் களத்திற்குச் சென்று பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். அவன் சிதைந்து கிடப்பதைக் கண்டு, பெற்ற நாளினும் மகிழ்கிறாள். நிகழ்ந்தது இழவு, தாய் கண்டதோ மகனின் தறுகண். அதனால் அவள் உவகையில் பெருமிதம் கலந்துள்ளது.

எட்டில் அடங்காதவற்றுக்காகத் தொல்காப்பியர் உடைமை, இன்புறல், நடுவுநிலை, அருளல் முதலாக மேலும் 32 மெய்ப்பாடுகளைத் தருகிறார். ஆகவே இப்பகுப்பை மனப்பாடப் பட்டியலாகக் கொள்ளாமல், "இவர் என்ன உணர்கிறார்? எதைக் கண்டு உணர்கிறார்?" எனக் கேட்கும் முறையாகக் கொள்வதே கதையை அறிய உதவும்.