பாஷாணம் சேர்க்கும் பெரணி

தில்லியின் சாணக்யபுரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் ஓடும் குஷக் நாலாவின் கரையில் செடிகள் செழித்து நிற்கின்றன. கன உலோகங்களைச் செடிகள் உறிஞ்சிவிடும் என்கிறார்களே, இந்தச் சாக்கடை தானாகவே சுத்தமாகிவிடுமா?"

ஆகாது. ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் தனிமங்கள். எந்தச் செடியாலும் அவற்றைச் செரித்து அழிக்க முடியாது. மண்ணிலிருந்து தன் உடலுக்கு இடம் மாற்றத்தான் முடியும். அதையும் தாராளமாகச் செய்பவை சில இனங்களே.

அவற்றில் என்னை வியக்கவைப்பது டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி. பழைய செங்கல் சுவரிலும் கிணற்றின் உட்புறத்திலும், சுண்ணாம்புக் காரையில் ஈரம் தங்கும் இடமெல்லாம் முளைப்பது. களை என்று பிடுங்கி எறிகிறோம். அமெரிக்காவின் புளோரிடாவில், மரத்துக்கு ஆர்சனிக் மருந்தேற்றிய ஓரிடத்தில் இது தழைத்திருந்ததை லீனா மாவும் சக ஆய்வாளர்களும் கவனித்து 2001-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒரு கிலோ உலர்ந்த இலையில் 22 கிராமுக்கும் மேல் ஆர்சனிக் சேர முடியும்!

ஆர்சனிக் பாஸ்பேட்டைப் போல வேடமிட்டு வேருக்குள் நுழைகிறது. பெரணி அதை இலைக்கு ஏற்றி, செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ்ப்பையில் அடைத்துவிடுகிறது. எலிப் பாஷாணத்தை என் பாட்டி பரணில் பெட்டிக்குள் பூட்டிவைப்பார், அதே ஏற்பாடுதான். பாஷாணமும் ஆர்சனிக்தானே. பைக்குள் அதைத் தள்ளும் ஏசிஆர்3 என்ற புரதம் பூக்கும் தாவரங்களில் இல்லை. பரிணாமத்தில் அவை அதை இழந்துவிட்டன. இப்படிச் சேர்த்த நஞ்சு பெரணிக்குக் காவலாகவும் நிற்கிறது. ஆர்சனிக் ஏறிய இலைகளை வெட்டுக்கிளிகள் ஒதுக்குவதை இரத்தினசபாபதி குழுவினர் 2007-ல் காட்டினார்கள்.

கீரைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆனாலும் சாக்கடை நீர் பாய்ந்தால் அதன் இலையிலும் காட்மியம் ஏறும், அது நம் தட்டுக்கே வரும். குஷக் நாலாவின் நீர் கடைசியில் சேர்வது யமுனையில். அதன் வெள்ளச் சமவெளியில் உண்ணும் பயிர் விளைவிக்கக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் உத்தரவிட்டதும் இதனால்தான். பயிரிடும் ஏழைக் குடும்பங்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதே குற்றம்.

கால்வாயோரம் கல்வாழை நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. உலோகம் ஏறிய செடியை அறுக்காமல் விட்டால் இலை உதிர்ந்து மட்கும், நஞ்சு அதே மண்ணுக்குத் திரும்பும். அறுத்ததை மாட்டுக்குப் போடக் கூடாது, எருக்குழியில் சேர்க்கக் கூடாது, எரிக்கவும் கூடாது. உங்கள் பகுதியில் கரையோரம் செடி நடும் திட்டம் வந்தால், அறுத்த தழை எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள்.