உங்களுக்குத் தெரியுமா? தப்புச் சத்தமும் தாங்கும் காதும்!

ஒரு காலத்தில் நம் தோட்டத்து லயங்களை விடியுமுன் பிரட்டுக்கு எழுப்பியதே தப்பு மேளம்தான்! மலைச்சரிவு தாண்டிக் கேட்கும் சத்தம் அது. அடிப்பவரின் காதுக்கும் தப்புக்கும் இடையிலோ ஒரு முழம்கூட இல்லை!

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் வகுத்த கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். அப்படியானால் 100 டெசிபலில்? வெறும் 15 நிமிடம்!

தப்பு முழங்கும் காமன் கூத்தோ விடிய விடிய!

அளக்கக் கருவி இல்லையா? கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? 85ஐத் தாண்டிவிட்டீர்கள்!

ஒவ்வொரு காதுக்குள்ளும் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் சுமார் 15,000. செத்துப்போனால் கோழிக்குத் திரும்ப முளைக்கும். நமக்கு ஒன்றுகூட முளைக்காது!

தவில்காரர் விரல்களுக்குக் கூடு போடுகிறார். துணியும் பசையும் காய்ந்து கல்லாய் இறுகிய கூடு! விரலுக்கு இவ்வளவு காவல். காதுக்கு? கச்சேரிக்குக் கச்சேரி பார்க்கிறேன், மனசு பதறுகிறது!

காதில் பஞ்சு வைத்தால் போதுமா? போதவே போதாது!

நுரை இயர் பிளக் நன்றாகவே அடைக்கும். ஆனால் கீச்சொலியைத்தான் அதிகம் விழுங்கும், இசை மந்தமாகிவிடும். கலைஞர்கள் கழற்றி எறிவது அதனால்தான்!

அதற்கும் 1988லேயே வழி பிறந்தாச்சு! எட்டிமோடிக் நிறுவனத்தின் ஈஆர்-15. கீழ்ச்சுருதி, மேல்சுருதி எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே அளவாக 15 டெசிபல் குறைக்கும். 100 டெசிபல் 85 ஆகும். 15 நிமிடம் 8 மணி நேரமாகும். 32 மடங்கு! வாத்தியக்காரர் கேட்டு வாங்க வேண்டியது இந்த இனம்தான்!

லண்டன் ராயல் ஒபேரா ஹவுஸில் 2012இல் ஓர் ஒத்திகை. ஒரு வயோலா கலைஞருக்கு நேர் பின்னால் டிரம்பெட் வரிசை. அவர் காது பாதிக்கப்பட்டது. வழக்குப் போட்டார். 2018இல் வென்றே விட்டார்!

காசே வேண்டாத காப்பும் உண்டு. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். திருவிழாவில் பிள்ளையைத் தோளில் தூக்கித் தப்புக்குப் பக்கத்தில் நிற்கும் அப்பாமாரே! 2 மீட்டரில் நிற்பவர் 4 மீட்டருக்குத் தள்ளி நில்லுங்கள். அந்தச் சின்னக் காது தாங்கும் நேரம் 4 மடங்கு!