“சார் ஒரு மாதிரி பேசுறாரு”: புகாரைக் கேட்கத் தெரிந்த கல்லூரி ஊழியர்கள் தேவை

பாலியல் தொல்லைக்கு ஆளான ஒரு மாணவி நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போவது அரிது. பல்கலைக்கழகத் துணைவேந்தருக்குக் கடிதம் எழுதுவது அதைவிட அரிது. முதலில் அவர் யாரிடம் சொல்கிறார்? விடுதியில் அக்கா என்று கூப்பிடும் நிர்வாக உதவியாளரிடம், பரிவோடு பேசும் ஒரு விரிவுரையாளரிடம், சில சமயம் இரவுப் பணியில் வாசலில் அமர்ந்திருக்கும் பாதுகாவலரிடம். அந்த முதல் பத்து நிமிடங்களில் எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தே, அந்தப் புகார் மேலே போகுமா, அங்கேயே புதைந்துவிடுமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

ஆனால் அந்த அக்காவுக்கோ பாதுகாவலருக்கோ இதற்கென யாரும் எதுவும் கற்றுக்கொடுத்திருப்பதில்லை. தீயணைப்பு ஒத்திகை நடக்கும் கல்லூரிகளில்கூட இந்த ஒத்திகை நடப்பதில்லை.

மலேசியாவில் சட்டம் இப்போது முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், அதாவது 840ஆவது சட்டம், ஒருவர் விரும்பாத பாலியல் தன்மையுள்ள நடத்தையை ஐந்து வடிவங்களில் பார்க்கிறது: சொல், சொல்லற்ற செயல், காட்சி, சைகை, உடல் தீண்டல். அது அவரைப் புண்படுத்துவதாகவோ, இழிவுபடுத்துவதாகவோ, அவருடைய நலனுக்கு மிரட்டலாகவோ நியாயமாகக் கருதப்பட்டால் போதும். தொட்டால்தான் குற்றம் என்ற பழைய எண்ணத்துக்கு அதில் இடமில்லை. வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு படமும் அதற்குள் அடங்கும். ஆண், பெண் என்ற வேறுபாடும் இல்லை. மாணவர் ஒருவர் வந்து சொன்னாலும் அதே சட்டம்தான். “பையனுக்கு என்ன ஆகிடப் போகுது” என்று சிரித்து அனுப்பும் ஊழியருக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு முன்பு மாணவர்கள் ஓர் இடைவெளியில் விழுந்து கிடந்தார்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் பாலியல் தொல்லை பற்றிய பகுதி முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உரியது. கல்லூரியில் படிக்கும் மாணவி அங்கே தொழிலாளி அல்லவே! 2024 மார்ச் முதல் புகார்களை ஏற்கத் தொடங்கிய பாலியல் தொல்லை எதிர்ப்புத் தீர்ப்பாயத்தில் இப்போது அவரும் மனுச் செய்யலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடக்காது. முதல் விசாரணை நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிவு தரப்பட வேண்டும். இழப்பீடாக 250,000 ரிங்கிட் வரை வழங்கவும், மன்னிப்புக் கேட்கும்படி உத்தரவிடவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

குறையும் உண்டு. உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதைத் தடுக்கும் பிரிவும் வேண்டும் என்று மகளிர் அமைப்புகள் கேட்டன, அதுவும் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரு கல்லூரி இதில் எவ்வளவு தூரம் போகிறது என்பது இன்னமும் அதன் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

கேட்பது எப்படி

பயிற்சியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் சட்டம் அல்ல, காது. நம் பிள்ளைகள் இந்த விஷயத்தை நேரடியான சொற்களில் சொல்வதில்லை. வீட்டில் அதற்குச் சொல்லே புழங்குவதில்லை. “சார் ஒரு மாதிரி பேசுறாரு.” “அந்த வகுப்புக்குப் போகப் பிடிக்கல.” “வேற சூப்பர்வைசர் கிடைப்பாங்களா?” இவ்வளவுதான் வெளியே வரும். பயிற்சி பெறாத காதுக்கு இவை படிப்பில் அக்கறையில்லாத பிள்ளையின் சாக்குகளாகக் கேட்கும். பயிற்சி பெற்றவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “ஒரு மாதிரின்னா எப்படிம்மா? உனக்குச் சொல்லத் தோணுறதைச் சொல்லு.” பிறகு பேசாமல் இருப்பார். அந்த மௌனம்தான் கற்றுக்கொள்ளக் கடினமானது.

கேட்கக் கூடாத கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். அந்த நேரத்தில் நீ ஏன் அங்கே போனாய், என்ன உடை போட்டிருந்தாய், ஏன் கத்தவில்லை, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை. கடைசி இரண்டுக்கும் உண்மையான விடை உண்டு. அதை ஊழியர்கள் அறிந்திருப்பது நல்லது. அச்சத்தில் உடல் உறைந்து போவது பலருக்கு நேர்கிறது. ஓடவோ கத்தவோ முடியாமல் போவது சம்மதம் ஆகாது. அதிர்ச்சிக்கு உள்ளானவரின் நினைவும் நேர்வரிசையில் வராது. அறையின் நாற்றம் நினைவிருக்கும், கிழமை நினைவிருக்காது. முன்னுக்குப் பின் மாறிச் சொல்வதை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவு கட்டுவது தவறு. அதற்காக, சொல்வது அனைத்தும் நிரூபணமாகிவிட்டது என்றும் பொருளல்ல. முதலில் கேட்பவரின் வேலை தீர்ப்புச் சொல்வது அன்று.

இன்னொரு தவறு, நல்ல மனம் படைத்தவர்கள் செய்வது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடுவது. அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். புகார் சொல்பவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவராக இருந்தால், 2017ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி, அத்தகைய குற்றம் பற்றித் தெரிந்தும் போலீசுக்குத் தகவல் தராமலிருப்பது குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். கல்லூரியில் ஏது சிறார் என்று நினைக்க வேண்டாம். எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக், டிப்ளோமா வகுப்புகளில் சேரும் பிள்ளைகளில் ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்களுக்கு முதல் சில மாதங்களில் இன்னும் 17 வயதுதான். “இதைத் தெரிந்தே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உனக்குச் சொல்வேன்” என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு.

18 வயது நிரம்பியவர் விஷயத்தில் வேறொரு சோதனை. “முதல்ல அப்பா அம்மாவைக் கூப்பிடுவோம்” என்று கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். நம் சமூகத்தில் அது பொறுப்பான செயலாகத் தோன்றும். ஆனால் படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்ற பயத்தாலேயே பல பெண்கள் வாய் திறப்பதில்லை. பெற்றோரிடம் சொல்வதா, எப்போது, யார் மூலம் என்பதை அந்த மாணவியே முடிவு செய்ய விட வேண்டும்.

சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வைத்து, கைகுலுக்கி அனுப்பிவிடலாம் என்ற சமரச ஆர்வமும் நம்மிடம் அதிகம். மதிப்பெண் போடும் அதிகாரம் உள்ளவரையும் அந்த மதிப்பெண்ணுக்குக் காத்திருப்பவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து நடத்துவது சமரசம் ஆகாது.

எழுதுவதும் பாதுகாப்பதும்

கேட்டதை எழுதி வைப்பதும் பழக வேண்டிய கலை. மாணவி தமிழில் சொல்வார். படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். “கையைப் பிடிச்சு இழுத்தாரு” என்பது படிவத்தில் ஏறும்போது “உடல்ரீதியான தொடர்பு” என்று மென்மையாகிவிடும். விசாரணைக் குழு அதைத் தற்செயலாகப் பட்டது என்று படித்துவிட இடமுண்டு. ஆகவே அவர் சொன்ன சொற்களை அப்படியே தமிழில் எழுதி, பக்கத்தில் மொழிபெயர்ப்பைச் சேர்ப்பதே சரி. “குழப்பத்துடன் காணப்பட்டார்” என்று எழுதுவது கருத்து. “அழுதார், இரண்டு முறை தண்ணீர் கேட்டார்” என்று எழுதுவது பதிவு. தேதி, நேரம், இடம், எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். அந்தத் தாள் முகப்பில் கிடக்கவோ, ஊழியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் படமாகச் சுற்றவோ கூடாது.

வன்புணர்ச்சியோ உடல்ரீதியான தாக்குதலோ நடந்திருந்தால் காலம் முக்கியம். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி எனப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் இருக்கிறது. சிகிச்சை, தடயச் சோதனை, ஆலோசனை ஆகியவற்றை ஒரே இடத்தில் ஏற்பாடு செய்வதே அதன் நோக்கம். சிகிச்சை பெற போலீஸ் புகார் முன்நிபந்தனை அல்ல. கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கப்பட வேண்டும். குளிக்காமல் இருந்தால் தடயம் காக்கப்படும். கழற்றிய உடையைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரத்தில் தடயம் கெடும், காகிதப் பை நல்லது. குறுஞ்செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதே என்று சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இவற்றையெல்லாம் சொல்ல வேண்டியவர் அந்தப் பாதுகாவலராகத்தான் இருப்பார். பயிற்சிக்கு அவரை அழைக்காமல் துறைத் தலைவர்களை மட்டும் ஹோட்டல் மண்டபத்தில் உட்கார வைப்பது செலவுக் கணக்குக்குத்தான் உதவும்.

புகாரைக் கேட்டவர் விசாரிக்கக் கூடாது, விசாரணைக் குழுவிலும் அமரக் கூடாது. இது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம். தன் மீது என்ன குற்றச்சாட்டு என்று அவருக்கு எழுத்தில் தெரிய வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும், அவருடைய நண்பரும் எதிரியும் குழுவில் இருக்கக் கூடாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவரா ஊழியரா என்பதைப் பொறுத்து ஒழுங்கு நடவடிக்கையின் பாதையே மாறும். மாணவருக்கு 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், ஊழியருக்கு 2000ஆம் ஆண்டு சட்டமுறை அமைப்புகள் ஒழுங்குச் சட்டம். விசாரணை முடியும்வரை யாரையாவது இடம் மாற்ற வேண்டுமென்றால் புகார் கொடுத்தவரை மாற்றுவதுதான் சுலபம். அதனாலேயே அது அடிக்கடி நடக்கிறது. விடுதி அறையை இழப்பதும், பாதி ஆய்வில் மேற்பார்வையாளரை இழப்பதும் அவருக்குத் தண்டனையாகிவிடுகின்றன.

“அவர் அவதூறு வழக்குப் போட்டால் என்ன செய்வது?” என்பது ஊழியர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்வி. உரிய அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கப்படும் புகார், குற்றவியல் சட்டம் கூறும் அவதூறில் அடங்காது என்று 499ஆவது பிரிவின் விதிவிலக்கு சொல்கிறது. 2016ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த வழக்கும் நினைவுகூரத்தக்கது. ஓர் அலுவலகத்தில், போதிய ஆதாரம் இல்லை என்று ஒழுங்கு நடவடிக்கை இல்லாமல் முடிந்த புகார் அது. புகார் சொல்லப்பட்ட மேலதிகாரியே வழக்குத் தொடுத்தார். பெண் எதிர்வழக்குப் போட்டார். இறுதியில் பெண்ணுக்கு 120,000 ரிங்கிட் கிடைத்தது. பாலியல் தொல்லையைத் தனி உரிமையியல் தவறாக நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் அதில்தான்.

அக்கம்பக்கத்து அனுபவமும் உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக விடுதியில் குளிக்கும்போது தன்னைப் படமெடுத்த மாணவருக்குக் கிடைத்த தண்டனை போதாது என்று 2019 ஏப்ரலில் ஒரு மாணவி இன்ஸ்டகிராமில் எழுதினார். அவர் கோபம் படமெடுத்தவர் மீது மட்டுமல்ல, புகாரைக் கையாண்ட விதத்தின் மீதும் இருந்தது. பல்கலைக்கழகம் மறுஆய்வுக் குழு அமைத்தது, தண்டனைகள் கடுமையாயின, அதே ஆண்டு பாதிக்கப்பட்டோருக்கென ஒரு தனிப் பராமரிப்புப் பிரிவு திறக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவருடன் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அலுவலர் இருப்பது இத்தகைய பிரிவின் பெரிய நன்மை. நடந்ததை ஐந்து மேசைகளில் ஐந்து முறை சொல்ல வேண்டியதில்லை.

மலேசியக் கல்லூரிகள் அடிக்கடி மறக்கும் இடம் தொழிற்பயிற்சி. மூன்று அல்லது ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை பழகப் போகும் மாணவி அங்கே தொல்லைக்கு ஆளானால், நிறுவனம் “உங்கள் மாணவி” என்கிறது, கல்லூரி “உங்கள் அலுவலகம்” என்கிறது. இடையில் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த மேலதிகாரி. தொழிற்பயிற்சி ஒருங்கிணைப்பாளருக்குப் பயிற்சி கொடுத்திருந்தால், அவரால் மூன்று காரியங்களைச் செய்ய முடியும்: மாணவியை அன்றே வேறு இடத்துக்கு மாற்றுவது, அந்த நிறுவனத்துக்கு மேலும் மாணவர்களை அனுப்பாமல் நிறுத்துவது, மதிப்பெண்ணைக் கல்லூரியே போட ஏற்பாடு செய்வது. 840ஆவது சட்டத்தின் கீழ்த் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை மாணவிக்கு அங்கேயும் உண்டு.

சேர்க்கை நாளன்று பெற்றோர் விடுதிக் கட்டணம், சாப்பாடு, பேருந்து பற்றியெல்லாம் கேட்கிறார்கள். இத்தகைய புகாரை இங்கே யார் பெற்றுக்கொள்கிறார், அவர் பயிற்சி பெற்றவரா என்றும் கேட்கலாம். பதில் சொல்லக் கல்லூரி தடுமாறினால் அதுவே ஒரு தகவல். கல்லூரிக்கு வெளியே உதவி தேடுவோர் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே சேவையை 15999 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.